ஆரத்திக்காரரின் செந்நீர் வகுப்பு

ஆரத்திக்காரரைப் பற்றி மயிலாப்பூரில் வழங்கும் கதைகளுள் பெரும்பகுதி பொய். அவர் நடந்து வந்தால் நாய்கள் குரைக்கமாட்டா என்பார்கள். குரைத்தன; நானே கேட்டிருக்கிறேன். அவருக்கு நிழல் விழாது என்பார்கள். விழுந்தது, சித்திரை வெயிலுக்கு அஞ்சி ஒருமுறை அந்த நிழலில் ஒதுங்கியும் இருக்கிறேன். ஆகவே, என் கண்ணால் கண்டதையும், உடனிருந்தோர் இருவரைத் தனித்தனியே வினவியபோது வேறுபாடின்றிச் சொன்னதையும் மட்டுமே இங்கு எழுதப் போகிறேன். இந்தக் கண்டிப்புக்கு ஒரு காரணம் உண்டு. அவரைப் பற்றிய உண்மையே நம்புதற்கு அரியது. அதன் தலையில் பொய்யையும் ஏற்றினால் வாசகர் இரண்டையும் சேர்த்துத் தள்ளிவிடுவர்.

அந்தக் கண்டிப்புடனேயே சொல்கிறேன்: நாற்பத்திரண்டாம் ஆண்டுக் கோடையில் எங்கள் தெருவில் எஞ்சியிருந்த நாங்கள் ஜப்பானியர் குண்டுக்கு அஞ்சியதைவிட ஆரத்திக்காரருக்கே மிகுதியாக அஞ்சினோம். குண்டு வருமா என்பது ஐயத்துக்குரியது. இவரோ நாள்தோறும் பிற்பகல் மூன்று மணிக்குத் தவறாமல் வந்தார்.

எங்கள் தெரு லஸ்ஸுக்கும் கோயில் குளத்துக்கும் இடைப்பட்டது. நகரம் தாக்கப்படப் போகிறது என்ற செய்தி பரவியதும் ஒரே வாரத்தில் அது காலியாயிற்று. வாசல்தோறும் பூட்டு. கடைசியாக இட்ட கோலங்களைக் காற்று நாளுக்கொரு கோடாகத் தின்றுகொண்டிருந்தது. நண்பகலில் நடந்தால் என் செருப்பொலி எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி, எவரோ பின்தொடர்வது போலக் கேட்கும். நான் நின்று திரும்பிப் பார்ப்பேன். எவரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு நடப்பேன். பத்தடி சென்றதும் மீண்டும் உறுதி செய்துகொள்வேன்.

எஞ்சியவர் நால்வர். நான் ஒரு பள்ளித் தமிழாசிரியன். பள்ளியை மூடிவிட்டார்கள், மனைவியையும் குழந்தையையும் திருவண்ணாமலைக்கு அனுப்பிவிட்டு, என் ஏடுகளுக்குக் காவலாக இருந்தேன். தெருக்கோடியில் தையற்கடை வைத்திருந்தவர் காதர் பாய். வாங்கிய துணிகளைத் தைத்து முடிக்காமல் ஊரைவிட்டுப் போவது நேர்மையன்று என்பது அவர் கொள்கை. பால்காரர் கோவிந்தனுக்கு மாட்டை ரயிலில் ஏற்ற வழி அகப்படவில்லை. நான்காமவர் எதிர்வீட்டுக் கோமளம் மாமி. கணவரும் பிள்ளைகளும் அலுவலகத்தோடு உள்நாட்டுக்குப் போனபோது அவர் மட்டும் மறுத்துவிட்டார். காரணம், மாவடு.

"நாலு ஜாடி உப்புல போட்டிருக்கேன். தெனம் குலுக்கிவிட ஆள் வேண்டாமா? ஜப்பான்காரனுக்கு அவசரம்னா அவன் வரட்டும். எனக்கு வடு சுருங்கற வரைக்கும் ஒரு அவசரமும் இல்லே."

இந்த நால்வர் தெருவுக்குள்தான் ஒருநாள் மூன்று மணிக்கு, தண்ணீர் சுமக்கும் தோல் துருத்தி ஒன்றைத் தோளில் தொங்கவிட்டபடி ஒரு நெடிய மனிதர் நுழைந்தார். தெரு நடுவில் துருத்தியை இறக்கினார். மடியிலிருந்து ஆணி ஒன்றை எடுத்து அதன் விலாவில் குத்தினார். செந்நீர் பீச்சியடித்தது.

"யாராச்சும் வந்து அமுக்குங்க. ஆள் சாவுறான்" என்றார்.

கூவவில்லை, பக்கத்து இலையில் உப்புக் கேட்கும் குரலில் சொன்னார். அதனால்தான் எங்களுக்கு முதுகு சில்லிட்டது. கோவிந்தன் கறந்த பாலை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தார்.

"இன்னாபா? எங்க? எவன் சாவுறான்?"

"இதோ, இவன்தான்" என்று துருத்தியைக் காட்டினார். சற்று நேரத்தில் நீர் வடிந்து தோல் தொய்ந்தது. அதை அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாலு பேரு நின்னீங்க. ஒருத்தரும் அமுக்கல. செத்துட்டான். நாளைக்கு வரேன்" என்று எழுந்து போய்விட்டார்.

மறுநாள் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார்.

செந்நீர் என்பது மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த ஆரத்தி நீர். மணமக்களுக்குச் சுற்றி வாசலில் கொட்டுவதே அது. பெயர் கேட்கும் துணிவு எவருக்கும் இல்லாமையால் ஆரத்திக்காரர் என்றே வழங்கினோம். மாமிக்கு இது பொறுக்கவில்லை.

"ஏன்யா, மங்கள ஜலத்தை ரத்தம்ங்கறீரே, நாக்கு அழுகிப் போகாதோ?"

"வேற கலரு கெடைக்கலம்மா. நெசமான ரத்தம் ஒரு சொம்பு குடுத்தீங்கன்னா அத்தையே ஊத்திக்கிறேன்."

மாமியின் கதவு சாத்தப்பட்ட ஓசையில் இரண்டு தெரு தள்ளிக் காகங்கள் எழுந்தன. இரண்டு தெரு என்பதற்குக் கோவிந்தன் சாட்சி; அவர் அப்போது அங்கேதான் இருந்தார்.

மூன்று வாரங்களில் பூட்டிய வீட்டு வாசல்கள்தோறும் சிவப்புக் கறை படிந்துவிட்டது. ஒவ்வொரு வாசலிலும் ஒருவன் விழுந்து கிடந்தால் எப்பக்கம் மண்டியிடுவது என்று அவர் பழகிப் பார்த்ததன் விளைவு அது. கழித்துக் கொட்டிய ஆரத்தியை மிதிக்கலாகாது என்பது நம்மவர் வழக்கம். ஆகவே நாங்கள் நால்வரும் சொந்தத் தெருவிலேயே கிளித்தட்டு ஆடுவதுபோலத் தாவித் தாவி நடந்தோம். செங்கற்பட்டுக்குப் போயிருந்த குடும்பம் ஒன்று, மறந்துவிட்ட வெள்ளிக் குத்துவிளக்கை எடுத்துப்போக ஜட்கா வண்டியில் வந்தது. வீட்டுக்காரர் இறங்கிப் பூட்டில் சாவியை நுழைத்தார்; அப்போதுதான் தம் படியில் காய்ந்திருந்த செங்கறையைக் கண்டார். "யாரோ செஞ்சு வச்சுட்டாடீ!" என்று அலறியபடி ஏறினார்; ஏறிய வேகத்தில் வண்டி திரும்பியது. சாவி பூட்டிலேயே தொங்கியது. நானும் காதர் பாயும் அதை எடுத்து வைத்தோம்.

துருத்தி நாள்தோறும் சாவதைக் காணப் பொறாமல், மாமி நீங்கலாக நாங்கள் மூவரும் இதற்குள் அவருக்கு மாணவராகியிருந்தோம். அவர் கற்பித்த பாடம் மிகச் சிறியது. துணியை வைத்து உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்த வேண்டும். துணி நனைந்தால் அதன்மேல் இன்னொன்று வைக்க வேண்டும். அடியில் உள்ளதை எடுக்கலாகாது. கையோ காலோ ஆனால் உயர்த்திப் பிடிக்க வேண்டும். பெரிய சாலையில் இரண்டு டிராம் வண்டிகள் கடந்துபோகும் வரையில் அழுத்திய கை அசையலாகாது. அவரிடம் கடிகாரம் இல்லை; டிராம் மணியே கணக்கு.

தேர்வுதான் கொடிது. ஒருவர் துருத்தியை அழுத்திக்கொண்டிருக்க, ஆரத்திக்காரர் அவரைச் சுற்றிச் சுற்றி வந்து வேடிக்கை பார்க்கும் கூட்டமாக மாறுவார். முதலில் இருமலோடு ஒரு முதியவர்: "தண்ணி குடுங்கப்பா, தண்ணி குடுங்க." அடுத்து ஒரு பெண்: "காப்பிப் பொடி அப்புங்கோ, சித்த நாழில நின்னுடும்." பிறகு பீடிக் குரலில் ஓர் ஆள்: "போலீஸ் கேஸு நைனா, நமக்கு இன்னாத்துக்கு?" இறுதியில், கனிவு ததும்பும் ஓர் இளங்குரல்: "நின்னுடுச்சான்னு எடுத்துப் பாருங்களேன்." ஒரே வாயிலிருந்து வந்த அந்த நான்கு குரல்களும் நடிப்பாகத் தோன்றவில்லை. நாள்தோறும் அதே வரிசை. முதியவருக்கு அதே இடத்தில் இருமல். கண் மூடிக் கேட்டவர்களுக்குப் பூட்டிய தெருவில் ஆட்கள் வந்து நிற்பதாகவே தோன்றும். கண் திறந்து அதைச் சரிபார்த்தவர் கை தளரும். கை தளர்ந்தவுடன் தீர்ப்பு வரும்:

"செத்துட்டான்."

காதர் பாய் கல்லைப்போல் இருப்பார். வகுப்பில் அவரே முதல் மாணவர். கோவிந்தனை வீழ்த்த ஆரத்திக்காரர் மாடுபோல் ஒருமுறை கத்தினாலே போதும். ஆனால் மாணவர்களிலெல்லாம் கடையன் நான்தான். எதையும் சரிபாராமல் விடுவது எனக்கு இயலாது. அச்சுப்படியை மும்முறை திருத்திய பிறகும் நான்காம் முறை புரட்டுகிறவன், அடைத்த ஓட்டை அடைபட்டுவிட்டதா என்று பார்க்காமல் இருப்பது எங்ஙனம்? ஒருநாளும் முதல் டிராம் வரையில்கூட நான் தாங்கியதில்லை.

"நின்றுவிட்டதா என்று மட்டுமே பார்த்தேன், ஐயா."

"நின்னுக்கினுதான் இருந்துச்சு, வாத்தியாரே. நீங்க பாத்தீங்க. போயிடுச்சு."

என் முப்பது ஆண்டு ஆசிரியப் பணியில் எந்த மாணவனையும் நான் இவ்வளவு கூசச் செய்ததில்லை.

இதனினும் கலக்கம் தந்தது அவர் பார்வை. புதியவரைக் கண்டால் வணக்கம் சொல்லும் முன்பே, அவர் உடம்பில் காயம் படக்கூடிய ஓரிடத்தில் நிலைக்கும். "உங்களுக்கு இடது தொடை" என்றார் என்னிடம். அன்று முதல் குடையை இடப்பக்கம் பிடித்தே நடந்தேன். காதர் பாய்க்குக் கழுத்து. பாவம், அவர் அக்கினி நட்சத்திரத்திலும் கழுத்துப் பொத்தானை அவிழ்க்கவில்லை. மாமிக்கு வலது மணிக்கட்டு. "வாயில மண்ணு விழ!" என்று அவர் சபித்தார், ஆனால் அன்றிரவே வலக்கை வளையல்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டார்.

வான்தாக்குதல் காப்புத் தொண்டர் ஒருவர் இதைக் கேள்வியுற்று வந்தார். காக்கிச் சட்டையும் ஊதலும் அணிந்திருந்தார்.

"உம்மை யாருய்யா இந்தத் தெருவுக்குப் போட்டது?"

ஆரத்திக்காரர் அவரை மேலும் கீழுமாகப் பார்த்தார். "உங்களுக்கு அக்குள்" என்றார்.

அத்தொண்டர் இரு கைகளையும் உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு, ஊதலைக்கூட எடுக்க முடியாதவராய்த் திரும்பிப் போனதை மூவர் பார்த்தோம்.

சிரித்தோம். ஆயினும் ஒருநாள் கண்டதை நினைத்தால் சிரிப்பு அடங்கிவிடும். நண்பகல். பெரிய சாலையில் ஆள் அரவம் இல்லை. டிராம் தண்டவாளத்தை ஒட்டி ஆரத்திக்காரர் மண்டியிட்டிருந்தார். துருத்தி இல்லை, துணி இல்லை. வெறுந்தரையை இரு கைகளாலும் அழுத்திக்கொண்டிருந்தார். உதடுகள் அசைந்தன. அருகில் சென்றேன்.

"இதோ வந்துடும். வண்டி வந்துடும். கொஞ்சம் பொறுத்துக்கோ. இதோ..."

டிராம் வந்து, மணியடிக்காமல் நின்றது. நடத்துநர் இறங்கி, கடிந்துகொள்ளாமல் காத்திருந்தார்.

"இவரைத் தெரியுமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டேன்.

"தெரியாது சார். எப்பவாச்சும் இப்பிடிக் குந்திக்கினு இருப்பாரு. தானா எழுந்திருவாரு. நாங்க மணி அடிக்கிறது இல்ல."

சிறிது நேரத்தில் அவர் எழுந்தார். உள்ளங்கைகள் தார்ச்சூட்டில் கொப்புளித்திருந்தன. என்னைக் கண்டார். "வாத்தியாரே, மூணு மணிக்கு வந்துடுங்க" என்றார்.

வைகாசி பிறந்தது. மாவடு சுருங்கி, ஜாடி மாற்றும் நாள் வந்தது. அதற்கு மாமி குளித்து, எவர் கையும் படாத புடவை உடுத்து, மடியாக இருந்தார். அந்நிலையில் அவரைப் பிறர் தீண்டலாகாது. தீண்டினால் ஊறுகாயே கெட்டுப்போகும் என்பது அவர்கள் நம்பிக்கை. தெருவில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. காதர் பாய் துருத்தியை அழுத்திக்கொண்டிருந்தார். இரண்டாம் டிராம் இன்னும் வரவில்லை. உள்ளே பீங்கான் உடையும் ஓசை கேட்டது. கதவு திறந்தது. மாமி வாசற்படியில் நின்றார். முழங்கைக்குக் கீழே, துருத்தியிலிருந்து பீச்சுவது போலவே, விட்டுவிட்டுச் சிவப்புப் பீறிட்டது.

கோவிந்தன் கைதட்டினார்.

"சபாஷ் மாமி! கலரு இன்னா டக்கரா வந்துகீது பாருங்க!"

மாமியும் வகுப்பில் சேர்ந்துவிட்டார் என்றே நானும் எண்ணினேன். ஒரு கணம் மகிழ்ந்தும் போனேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். அது மாவு பூசியதுபோல் வெளுத்திருந்தது.

நான் ஆரத்திக்காரரை நோக்கினேன். அவர் அசையவில்லை. நாள்தோறும் ஓயாமல் கற்பித்தவர் வாய் சற்றே திறந்தபடி நின்றார். பிறகு மெல்ல மண்டியிட்டு, தமக்கு முன்னிருந்த வெறுந்தரையை இரு கைகளாலும் அழுத்தலானார்.

காதர் பாய் துருத்தியிலிருந்து தலையைத் தூக்கி, "கையை எடுக்கலாமா? வாத்தியாரே, யாராச்சும் சொல்லுங்க, கையை எடுக்கலாமா?" என்று கதறினார். முதல் மாணவர் அல்லவா! எஞ்சியிருந்தவன் நான், ஒருநாளும் தேறாத கடையன். ஓடினேன்.

"தொடாதீங்கோ! மடி!" என்றார் மாமி, சுவரில் சாய்ந்தபடி.

"அம்மா, உயிர் நிலைத்தாலன்றோ மடி நிலைக்கும்? அருள்கூர்ந்து கையை இப்படி..."

"சார்! இன்னா சார் செந்தமிழ் பேசிக்கினு கீறே? அமுக்கு சார்!" என்று கோவிந்தன் என் முதுகில் ஒன்று வைத்தார்.

மேல்துண்டை மடித்து வைத்து அழுத்தினேன். மாமியைப் படியில் கிடத்தி, கையை உயர்த்தினேன். துண்டு நனைந்தது, சூடாக இருந்தது. ஆரத்தி நீர் ஒருநாளும் சூடாக இருந்ததில்லை. கோவிந்தன் தம் தலைப்பாகையை அவிழ்த்துத் தந்தார். அதை மேலே வைத்தேன். பிறகு அவர் ரிக்‌ஷா தேடிப் பறந்தார்.

ஆளற்ற தெருவென்று சொன்னேன். எங்கிருந்தோ அறுவர் எழுவர் வந்து சூழ்ந்துவிட்டார்கள். அவர்களை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. என் தலைக்கு மேல் ஒரு முதியவர், "தண்ணி குடுங்கப்பா" என்றார், இருமினார். ஒரு பெண், காப்பிப் பொடி வீட்டில் இருக்கிறதா என்று கேட்டாள். பீடி நாற்றத்தோடு ஒருவன், போலீசு வரும் என்று எச்சரித்தான். அடுத்து வரப்போவது எதுவென்று எனக்குத் தெரியும். வந்தது. மெல்லிய, கனிந்த, இளமையான குரல்:

"நின்னுடுச்சான்னு எடுத்துப் பாருங்களேன்."

முதல் டிராம் மணி அப்போதுதான் கேட்டிருந்தது. நின்றுவிட்டது என்றே எனக்குத் தோன்றியது. நின்றிருந்தால் இந்த அழுத்தம் வீண், நிற்காவிட்டால் வேறு வழி தேட வேண்டும், பார்த்தாலன்றோ தெரியும்? என் வாழ்நாள் பழக்கமெல்லாம் திரண்டு விரல் நுனிக்கு வந்தது. துணியின் ஓரம் ஒரு நூலளவு எழுந்தது.

"எடுக்காதே."

தெரு நடுவிலிருந்து வந்தது அக்குரல். ஆரத்திக்காரர் எங்கள் பக்கம் திரும்பவில்லை. தலை கவிழ்ந்திருந்தது, தரையை அழுத்திய கைகள் அப்படியே இருந்தன. "எடுக்காதே. எடுத்துடாதே. வண்டி வந்துடும்." என்னை அவர் எப்போதும் "வாத்தியாரே, நீங்க" என்றுதான் விளிப்பார். இது எனக்குச் சொன்னதா என்பதை இன்றும் அறியேன். ஆயினும் என் விரல் இறங்கியது. கண்களை இறுக மூடிக்கொண்டேன். பிறந்தது முதல் நான் சரிபாராமல் விட்டது அந்த ஒன்றைத்தான்.

இரண்டாம் டிராம் போயிற்று. ரிக்‌ஷா வந்தது. அழுத்திய கையோடு நானும் ஏறினேன். வண்டி நகரும்போது மாமி கண் திறந்தார்.

"பாய்! ரெண்டாவது ஜாடி வாயைக் கட்டிடுங்கோ! ஆனா தொடப்படாது!"

காதர் பாய் இன்னும் துருத்தியை விடவில்லை. "தொடாம எப்பிடிம்மா கட்டுறது?" என்று அழுகைக் குரலில் கேட்டார்.

மருத்துவமனையில் அந்தத் துணியை மருத்துவரே எடுத்தார். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. தமனி அறுபட்டிருந்ததாம். இன்னும் சிறிது இழந்திருந்தால் தாம் செய்வதற்கு ஒன்றும் இருந்திராது என்றார். மாமி பன்னிரண்டு நாளில் வீடு திரும்பி, முதல் வேலையாக ஜாடிகளை முகர்ந்து பார்த்து, என்னையும் காதர் பாயையும் சேர்த்துத் திட்டினார்.

ஆரத்திக்காரர் முன்கூட்டியே சொன்ன இடத்தில்தான் வெட்டு விழுந்தது என்று மயிலாப்பூர் இன்றும் சொல்கிறது. அது பொய். அவர் சொன்னது வலது மணிக்கட்டு. வெட்டுப்பட்டது இடது முன்கை. என் இடது தொடையும் இதுவரை நலமே.

அன்று மாலை நான் திரும்பியபோது தெருவில் அவர் இல்லை. மறுநாள் மூன்று மணிக்கு மூவரும் போய் நின்றோம். அவர் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் நின்றோம். குடும்பங்கள் திரும்பி வந்தன. கறைகளைக் கழுவிப் புதுக் கோலம் இட்டார்கள். மாமி தனியாக ஒரு சிறு ஜாடியில் மாவடு எடுத்துவைத்து, "அந்த மனுஷன் வந்தாரா?" என்று ஆவணி வரையில் கேட்டுக்கொண்டிருந்தார். டிராம் நடத்துநரிடம் நான் நான்கு முறை விசாரித்தேன். அவரும் மீண்டும் காணவில்லை என்றார்.

தெரியாதவற்றைச் சொல்லி முடிக்கிறேன். அவர் பெயர் தெரியாது. ஊரும் தொழிலும் தெரியாது. தண்டவாளத்தருகே கிடந்தவர் யார், அப்படி ஒருவர் கிடந்தாரா என்பதும் தெரியாது. அதற்கு வழங்கும் மூன்று கதைகளில் ஒன்றுக்கும் சான்று இல்லை. ரிக்‌ஷா புறப்பட்டபோது அவர் தலை நிமிரவில்லை. ஆகவே மாமி பிழைத்துக்கொண்டார் என்பதை அவர் அறிவாரா என்பதும் எனக்குத் தெரியாது. இது வெளிவரும் வார இதழைப் படிக்கும் வழக்கம் அவருக்கு உண்டா என்பதும் தெரியாது.